எங்கிட்டு ஓட்டப் போற?

அப்பா புது சைக்கிள் வாங்கியது 1974-இல். எனக்கு அப்போது எட்டு வயது. ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டியில் குடியிருந்தோம். சீட்டுப் பணம் கைக்கு வந்த மறுநாள், அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மதுரை டவுனுக்குள் ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். வாசலில் இரண்டே இரண்டு சைக்கிள்தான் முழுசாக நின்றன. உள்ளே பிரேம்கள் கொக்கியில் தொங்கின. ரிம்கள் வளையல் கடை மாதிரி ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்திருந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டார்.

"யாரு ஓட்டப் போறா?"

"நாந்தேன்."

"என்னத்த ஏத்தப் போறீங்க?"

அப்பா விவரமாகச் சொன்னார். வாரத்தில் ஆறு நாள் பசுமலை, பைகாரா, பழங்காநத்தம் வழியாக மில்லுக்கு. ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்துக்குத் தெற்கே சொந்த ஊருக்கு. திரும்பி வரும்போது கேரியரில் ஒரு மூட்டை இருக்கும், பாரில் இந்தப் பய இருப்பான்.

கடைக்காரர் அப்பாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு பிரேமை எடுத்து வந்து இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, பாருக்கு மேலே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று பார்த்தார். "இருபத்திரண்டு போதும்ணே. இருபத்துநாலு எடுத்தீங்கன்னா இறங்கி நிக்கையில பாரு இடிக்கும்" என்றார். மூட்டை ஏற்றுவதால் டபுள் பார். கனத்த கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு. ஊர் கரிசக்காடு என்று தெரிந்ததும் மெக்கானிக்கிடம், "மக்காட்ட அரை இஞ்சு தூக்கிப் பூட்டுப்பா" என்று சொன்னார். அந்த அரை இஞ்சு எதற்கென்று அன்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்தார். கட்டைவிரல் நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். சக்கரம் சுற்றும்போது நகத்தில் எங்கே உரசுகிறதோ அந்த இடத்துக் கம்பியை மட்டும் சாவியால் கால் சுற்று திருப்புவார். மறுபடி சுழற்றுவார். உரசல் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றும். ஓட்டப்போகிறவரின் உயரம், சுமை, ஊர் மண் எல்லாவற்றையும் கேட்டுத்தான் அந்த சைக்கிள் பூட்டப்பட்டது. ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி கறுப்பு சைக்கிள்தானே அந்தக் காலத்தில் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. நிறம்தான் ஒன்று.

போன மே மாதம் தங்கை மகன் பத்தாவது முடித்தான். "மாமா, மவுண்டன் பைக் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்கள்ல" என்று வந்து நின்றான். சொன்னது உண்மைதான். இரண்டு பேருமாக ஒரு பெரிய கடைக்குப் போனோம். குளிர்சாதனம் ஓடுகிற கூடம். ஐம்பது அறுபது சைக்கிள் வரிசையாக நின்றன. நான்கு அங்குல அகல டயர் போட்டது ஒன்று. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்தது ஒன்று. இருபத்தொரு கியர் என்று பெரிதாக எழுதியது இன்னொன்று. விற்பனைப் பையன் மரியாதையாகத்தான் பேசினார். பட்ஜெட் எவ்வளவு சார், எந்தக் கலர் பிடிக்கும் தம்பி, மாதத் தவணை வேண்டுமா. எல்லாம் கேட்டார். எந்தப் பாதையில் ஓட்டப் போகிறான் என்று மட்டும் கேட்கவில்லை. அவனை ஏறி நிற்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை.

வெளியே கூட்டிவந்து, ஆளுக்கொரு ஜிகர்தண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நானே கேட்டேன். "மாப்ள, எங்கிட்டு ஓட்டப் போற?"

அவன் யோசித்துச் சொன்ன பதில் அருமையான பதில். பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பெரியாறு கால்வாய்க் கரை, கள்ளந்திரிப் பக்கம். கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரம். என்றைக்காவது ஒரு நாள் சிறுமலை. இதைக் கேட்டுக்கொண்டு கடைக்குள் திரும்பிப் போனால் அறுபதில் ஐம்பது சைக்கிள் தானாகவே கழிந்துவிடும்.

மலைச் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அது பிறந்த கதையைப் பார்த்தால் நம் கதையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்கிற வட்டாரம், அங்கே டமால்பைஸ் என்றொரு மலை. 1970-களில் அந்த ஊர் இளைஞர்கள், முப்பது நாற்பது வருஷப் பழைய, தடித்த டயர் போட்ட கனத்த சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, மலைமேல் தள்ளிக்கொண்டு போய் மண்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக், இறக்கம் முடிவதற்குள் கொதித்து, உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அச்சைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். நம் ஊர்க் கடைகளில் 'ஓவராயில்' என்போமே, அதே வேலை. அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் அந்த இறக்கத்துக்கென்றே ஒரு பிரேமைச் செய்தார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரில் மலைச் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அவர்கள் சைக்கிளைப் பார்த்துவிட்டுப் பாதை தேடவில்லை. பாதையில் ஓட்டி, உடைந்ததை மாற்றி, அந்தப் பாதைக்கு ஏற்றதாக ஒரு சைக்கிளை உண்டாக்கினார்கள். செங்குத்தான இறக்கத்துக்குத்தான் சஸ்பென்ஷன் வந்தது. செங்குத்தான ஏற்றத்துக்குத்தான் அத்தனை கியர் வந்தது. மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிற சமவெளி. ஆனைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் எல்லாம் சமவெளியில் உட்கார்ந்திருக்கிற பாறைகள். அவற்றைச் சுற்றித்தான் ஓட்டுவோம், மேலே ஏற்றி இறக்குவதில்லை. அழகர்மலை காப்புக்காடு. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கண்மாய்க் கரையோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

நம் ஊருக்கு இந்த வகைச் சைக்கிள் வந்ததே தோற்றமாகத்தான். 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் கொடுத்தது, 1956-இல் லூதியானாவில் ஹீரோ. எங்கள் தலைமுறைப் பையன்களுக்கு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். மேல் ஆசை. 1990-களில் ரேஞ்சர், எம்டிபி என்ற பெயர்கள் வந்தன. நேராக நீட்டிய ஹேண்டில்பார், கொட்டை கொட்டையான டயர், 26 அங்குலச் சக்கரம். கியர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. ஆனாலும் அந்த ரேஞ்சர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தடித்த டயர் என்கிற ஒரு நல்ல விஷயத்தை அவைதான் நம் வெளிவீதிகளுக்குக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு 2005-இல் ஃபயர்ஃபாக்ஸ், 2011-இல் மான்ட்ரா, டெகத்லானின் ராக்ரைடர் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது.

அப்பாவின் சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. வாங்கிய புதுச் சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்தியபோது மாப்பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்தான். மலைச் சைக்கிளில் இப்போது பெரிய சக்கரத்தை 29 என்கிறார்கள். 2000-க்குப் பிறகு பரவியது; பள்ளத்தில் விழாமல் உருண்டு தாண்டும் என்று அதற்குப் பெருமை. அதன் ரிம் அளவு 622 மில்லிமீட்டர். அப்பாவின் 28 அங்குலச் சக்கரத்தின் ரிம் 635. டயரின் தடிமனைச் சேர்த்தால்தான் புதியது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முந்துகிறது. முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்து விற்ற காலம் போய், 2012 வாக்கில் முன்னால் ஒன்றே போதும் என்று உயர்ந்த வகைச் சைக்கிள்காரர்கள் முடிவுக்கு வந்தார்கள். அப்பாவுடையதில் முன்னால் ஒன்றுதான். ஃபோர்க் முன்னோக்கி நன்றாகச் சாய்ந்திருந்தால் மேடுபள்ளத்தில் ஹேண்டில்பார் துள்ளாது என்று இப்போது எல்லாரும் அப்படிச் செய்கிறார்கள். அப்பாவின் ஃபோர்க் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. மண் ரோட்டுக்கு என்று செய்த சைக்கிள் அது. இருபது கிலோவுக்குக் குறையாத கனமும், மழையில் பிடிக்காத ராடு பிரேக்கும்தான் அதன் குறைகள்.

மண் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரையைச் சுற்றி மண் ஒரே மாதிரி இல்லை. வடக்கே அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் செம்மண், சரளை, இடையிடையே மணல். தெற்கே திருமங்கலம் தாண்டினால் கரிசல். செம்மண்ணில் ஓட்டுகிறவனுக்குத் தேவை அகலம். இரண்டு அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, 30-இலிருந்து 40 பி.எஸ்.ஐ.க்குள் வைத்தால் சரளைமேல் படிந்து போகும். சைக்கிள் நிற்கிறபோது கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்லாகக் காற்றடித்து வைத்தால் ஒவ்வொரு சரளையும் முழங்கைக்கு வந்து சேரும். கரிசலில் கதை வேறு. கோடையில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கிற அதே பாதை, ஒரு மழைக்கு வெண்ணெயாகிவிடும். பத்தடி உருட்டுவதற்குள் டயரைச் சுற்றி மண் அப்பும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். அப்பா ஊர் எல்லையில் சைக்கிளை நிறுத்தி, வேலியில் ஒரு குச்சியை ஒடித்து, மட்கார்டுக்குள் விட்டுக் கிளறுவார். கட்டி கட்டியாகக் கறுப்பு மண் விழும். கொஞ்ச தூரம் போய் மறுபடி குச்சி. கடைக்காரர் தூக்கிப் பூட்டச் சொன்ன அரை இஞ்சு அங்கேதான் எனக்கு விளங்கியது. கூடப் போகிற சைக்கிள்கள் நான்கு தரம் நின்றால் அப்பா இரண்டு தரம் நின்றார்.

இன்றைக்குக் கரிசல் பக்கம் ஓட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியதும் அதே இடைவெளியைத்தான். ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் டயருக்கும் நடுவே விரல் தாராளமாகப் போக வேண்டும். மிக அகலமான டயர் போட்டுப் பிரேமுக்குள் அடைத்து வைத்த சைக்கிள் படத்துக்கு அழகாக இருக்கும்; கள்ளிக்குடிப் பக்கம் ஒரு ஐப்பசி மழையில் தோளில் ஏறிக்கொள்ளும். கொட்டைகள் நெருக்கமாக இருக்கிற டயரும் வேண்டாம். அவற்றுக்கு நடுவே புகுந்த கரிசல் உதிராது.

முள்ளைப் பற்றி யாரும் கடையில் பேசுவதில்லை. மதுரைச் சமவெளியில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி சீமைக்கருவேலம். கண்மாய்க் கரை, கால்வாய்க் கரை, தரிசு, ரயில் பாதை ஓரம், எங்கே பார்த்தாலும் அது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட காலத்தில் பொக்லைன் வைத்துக் கரையெல்லாம் பிடுங்கினார்கள். வெட்டிய கிளை காய்ந்து முள் கரையிலேயே உதிர்ந்தது. அந்த வருஷம் நான் ஒட்டிய பஞ்சருக்குக் கணக்கில்லை. காய்ந்த முள் ஆணி மாதிரி. டயருக்குள் ஒடிந்து நுனி மட்டும் உள்ளே தங்கிவிடும். டியூபை ஒட்டிப் போட்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அதே நுனி மறுபடி குத்தும். அதனால் டியூபைக் கழற்றியதும் முதல் வேலை டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாக, ஒரு முழுச் சுற்று தடவிப் பார்ப்பது. அப்பா பழைய டயர் ஒன்றின் ஓரக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, ரப்பரை மட்டும் உள்ளே ஒரு சுற்று வைத்திருந்தார். சைக்கிள் கனத்தது, முள் உள்ளே வரவில்லை. இன்று அதே வேலைக்கு டயருக்குள் வைக்கிற பட்டை கிடைக்கிறது, டியூபுக்குள் ஊற்றுகிற சீலன்ட் கிடைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இரண்டு கியர் அதிகம் வாங்குவதைவிட, அந்தக் காசில் நல்ல டயரும் சீலன்டும் வாங்குவது நம் ஊருக்கு நூறு மடங்கு மேல்.

வால்வையும் குனிந்து பார்த்துவிடுங்கள். அப்பா காலத்து வால்வுக்குள் வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருக்கும். அஞ்சு பைசா, பத்து பைசாவுக்கு அரைச் சாண் வெட்டிக் கொடுப்பார்கள். இப்போதைய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வுதான். எந்தப் பெட்ரோல் பங்க்கிலும், எந்த லாரி பஞ்சர் கடையிலும் காற்று ஏறும். மெல்லிய ஊசி வால்வு வைத்ததாக இருந்தால் அதற்கேற்ற பம்பையோ அடாப்டரையோ கூடவே எடுத்துப் போக வேண்டும். மேலூர் ரோட்டில் ராத்திரி ஏழு மணிக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

நானே ஒரு முறை ஏமாந்தவன். பத்து வருஷத்துக்கு முன்னால், பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். முதுகுக்கு நல்லது என்று கடையில் சொன்னார்கள். பெடலை மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. நான் மிதித்ததில் பாதி அதற்கே போனது. ஒரு வருஷத்தில் பின்கை ஆடும் மூட்டில் புழுதி ஏறி புஷ் தேய்ந்து, சைக்கிள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நெளிந்தது. அந்த புஷ் எங்கேயும் கிடைக்கவில்லை. நல்ல தரத்தில் செய்த இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள் லட்சக்கணக்கில் விலை. அதைப் பாறை இறக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவை. பதினைந்தாயிரத்துக்குள் இரட்டை ஸ்பிரிங் என்று ஒன்று வந்தால், அந்த ஸ்பிரிங்குக்குப் போன காசு பிரேமிலிருந்தும் அச்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் எடுத்த காசு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது நம் வேகத்தடைகளுக்கும் குழி ரோட்டுக்கும் தாராளம். அதுவும் இல்லாமல் வெறும் ஃபோர்க்கும் தடித்த டயரும் போதும் என்று சொல்கிறவர்களோடும் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கியர் எதற்கு என்றால், மலையைவிட நமக்குக் காற்றுக்குத்தான். ஆடி மாதம் செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டியைப் பார்த்து மேற்கே ஓட்டினவர்களுக்குத் தெரியும். தேனிப் பக்கமிருந்து வருகிற காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சமதரையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். அப்பா அந்த மாதத்தில் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மணி நேரம் முன்னதாக, இருட்டோடு கிளம்புவார். காற்று எழும்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதுதான் அவருடைய கியர். இன்று பின்னால் ஏழு அல்லது எட்டுப் பல்சக்கரம், முன்னால் ஒன்று அல்லது இரண்டு இருந்தால் ஆடிக் காற்றுக்கும் போதும், சிறுமலையின் பதினெட்டு கொண்டைஊசி வளைவுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு போதும். எண்ணிக்கையைப் பார்க்காமல் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்துக்கு உதவுவது அதுதான்.

பிரேக்கில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆயிலில் இயங்குகிற டிஸ்க் பிரேக் அற்புதமானது. ஒரு விரலில் நிற்கும். ஆனால் அதில் காற்று புகுந்தால் வெளியேற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். கேபிள் டிஸ்க் என்றால் எந்த மெக்கானிக்கும் பத்து நிமிஷத்தில் சரி செய்வார். சைக்கிள் வாங்கும்போதே அதைப் பழுது பார்க்கப் போகிற ஆளையும் யோசிக்க வேண்டும். எங்கள் சின்ன வயதில் தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு நாலணா. குரங்கு பெடல் போட்டுப் பழகி, பாரில் ஏறி, பிறகு சீட்டுக்கு வருவோம். ஒரே சைக்கிள், ஆள்தான் வளர வேண்டும். விளக்கில்லாமல் போனாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். வருஷா வருஷம் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை வாங்கி அச்சில் மாட்ட வேண்டும். மில் சங்கு ஊதினால் ரோடு முழுக்க சைக்கிள். அந்தக் கடைகள் போய்விட்டன. இருக்கிற ஒன்றிரண்டு பேரை நாம்தான் தேடிப் போய் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிளை யார் எதற்காக ஓட்டுகிறார்கள் என்பது தெரியாமல் எது நல்ல சைக்கிள் என்று சொல்லவே முடியாது என்பதை எனக்கு ஆழமாகப் பதிய வைத்தது புதுக்கோட்டை. நமக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். எடுத்த பிறகு அதுவே வேண்டும் என்று சொன்ன பெண்களும் உண்டு. பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. சேலை கட்டுகிறவளுக்கு வளைந்த பிரேம்தான் வசதி என்று வெளியிலிருந்து பார்க்கிற யாரும் சொல்லுவோம். அவர்களுக்குக் குழந்தையும் தண்ணீர்க் குடமும் முதல் கணக்கு. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசின் இலவச சைக்கிளும் அப்படித்தான். கேரியர், கூடை, மட்கார்டு எல்லாம் உண்டு. புத்தகப்பையும் தங்கச்சியும் ஏற வேண்டும். இன்றைய மலைச் சைக்கிளில் இவை எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டப் போகிறவன் என்றால், கேரியர் மாட்டத் துளைகள் பிரேமில் இருக்கின்றனவா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். எங்களுக்குக் கடைசியாக மூன்று சைக்கிள் மிஞ்சியபோது, அந்தத் துளை உள்ள ஒன்றைத்தான் எடுத்தோம்.

எடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். விற்பனைப் பையன் ஆச்சரியமாகப் பார்த்தார். "வளர்ற பையன் சார், பெரிய சைஸே எடுத்துருங்க" என்றார். ஏறி நின்றபோது பார் இடித்தது. அதற்கு ஒரு சைஸ் சின்னது, 17 அங்குலப் பிரேம், மூன்று விரல் இடைவெளி இருந்தது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். நின்றது. கைகள் ஹேண்டில்பாரில் முழங்கை கொஞ்சம் மடங்கிய மாதிரி விழ வேண்டும். விழுந்தது. வளர்ந்தால் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். பெரிய பிரேமைக் குறைக்க முடியாது. முன் சஸ்பென்ஷன், இரண்டு அங்குல டயர், 29 அங்குலச் சக்கரம், கேபிள் டிஸ்க், பின்னால் எட்டு, முன்னால் ஒன்று. நிறம் அவன் ஆசைப்பட்ட நீலம் இல்லை. சாம்பல்தான் அந்த சைஸில் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை அதுபற்றி அவன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு விடியலில் கள்ளந்திரிக்குக் கிளம்பினோம். நான் அப்பாவின் சைக்கிளில், அவன் புதுசில். கால்வாயில் தண்ணீர் இல்லை. கரையில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றது. ஒரு மணி நேரம் அவன் முன்னால் போய்ப் போய் நின்று எனக்காகக் காத்திருந்தான். பிறகு ஒரு இடத்தில் காத்திருக்கவில்லை, குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீலன்ட் ஊற்றுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டிருந்தோம்.

தள்ளிக்கொண்டே மெயின் ரோட்டுக்கு வந்தோம். புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். புதுச் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கிட்டிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். கால்வாய்க் கரை என்றதும், "அங்கிட்டா? அப்ப ஒண்ணு இருக்காது, ரெண்டு மூணு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றினார். டியூபைக் கழற்றிக் காற்றடித்து, மாப்பிள்ளையிடம் நீட்டினார். "நீயே பாருப்பா."

அவன் தரையில் உட்கார்ந்து டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு வந்தான். முதல் குமிழி வந்தது. பெரியவர் கழற்றிய டயரை அவன் மடியில் போட்டு, உள்ளே எப்படி விரலை ஓட்டுவது என்று அவன் கையைப் பிடித்துக் காட்டினார். "அழுத்தாத. தடவணும்." பாதிச் சுற்று வந்ததும் அவன் கையைச் சட்டென்று எடுத்தான். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம். முள் கிடைத்துவிட்டது.